எச்சத்தில் நிற்கும் அறிக்கைகள்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் உரத்தையும் கிணற்று நீரையும்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாதல் கூடும். "இலக்கணம் போதிக்க அமர்ந்தவர் கமத்தொழிலிற் கைவைத்தது என்னை?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் இக்கட்டுரையின் கைப்படியைக் கண்டபோதே வினாவினார். அவர்க்கு இறுத்த விடையை வாசகர்க்கும் முதலிற் கூறிவிடுகின்றேன். என் வீட்டுக் கிணறே என்னை இப்பொருளுக்குள் இழுத்துவிட்டது. நான் முப்பதாண்டாகக் கற்பித்துவரும் இலக்கணமே இதனுள் எனக்கு வழியுங் காட்டிற்று.

சென்ற மாரியில் என் மகள் தன் முதற் குழந்தையோடு எம் இல்லத்தில் வந்து தங்கியிருந்தாள். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். தாய்ப்பால் போதாமையாற் புட்டிப்பாலும் ஊட்டவேண்டியதாயிற்று. பால்மாவைக் கரைப்பதற்கு எங்கள் கிணற்று நீரையே எடுத்தோம். வலிகாமத்துச் செம்மண் தறைகளின் நடுவே, வெங்காயமும் புகையிலையும் சூழ்ந்த கிணறு அது. என் பாட்டனார் காலந்தொட்டு நாங்கள் அருந்தும் நீர்; தெளிவிலும் சுவையிலும் குறை கண்டதில்லை. ஆயினும் அயலிலுள்ள விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், தோட்டக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்குமுன் அதில் நைத்திரேற்று எவ்வளவு உண்டென்று பார்த்தல் நன்று என்றார். "கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன் அப்பா, பிறகென்ன பயம்?" என்றாள் மகள். கிருமியை அழிக்கும் கொதிப்பு நைத்திரேற்றை அழிப்பதில்லை. நீர் ஆவியாகுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. இதனை அன்றுதான் நாங்கள் இருவேமும் அறிந்தோம்.

போத்தலொன்றில் நீர் நிரப்பிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சில நாளில் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. "நைத்திரேற்று 12" என்று அதில் இருந்தது. அலகு யாதென்று குறிக்கப்படவில்லை. பன்னிரண்டு நன்றோ தீதோ என அறிய முயன்றபோதுதான் இடர்ப்பாடு விளங்கிற்று. இப்பொருளை அளத்தற்கு உலகில் இரு முறைகள் வழங்குகின்றன. உலகச் சுகாதார தாபனம் நைத்திரேற்று முழுவதையும் நிறுத்து, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என எல்லை கூறுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடு அதனுள் அடங்கிய நைதரசனை மாத்திரம் நிறுத்து, 10 மில்லிகிராம் என எல்லை கூறுகின்றது. நைதரசனாகப் பத்து என்பது நைத்திரேற்றாக ஏறக்குறைய 44 ஆகும். எனவே என் கையிலிருந்த பன்னிரண்டு, முதன்முறையிற் கொண்டால் எல்லையிற் காற்பங்கு. இரண்டாம் முறையிற் கொண்டால் எல்லைக்கு அப்பால். விசாரித்தபோது இரண்டாவதே என்றனர். அன்றே புட்டிப்பாலுக்கு வேறு நீர் தேடினோம்.

குழந்தை நலமாயிருக்கின்றான். ஆனால், இலக்கத்தை எழுதி அலகை விட்ட அந்தக் கடதாசி என் சிந்தையை விட்டு அகலவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னதுபோலத் தோன்றிச் சொல்லாதுவிட்ட எழுத்து அது. ஒரு துண்டுக் கடதாசியில் இவ்வாறு நேருமாயின், கமத்தொழிலால் நீர் மாசடைதலைக் குறைக்கின்றோம் என்று அரசாங்கங்கள் வெளியிடும் பெரிய அறிக்கைகளில் யாது நேர்கின்றது? இவ்வினாவோடு சில நாடுகளின் அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் இரண்டினை வாசகர் முன் வைக்கின்றேன். ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தது. மற்றொன்று டென்மார்க்கு நாட்டினது.

அயோவாவை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கிணற்று நீரின் நைத்திரேற்றினாற் குழந்தைகள் உடல் நீலம்பாரிக்கும் நோய் முதன்முதல் மருத்துவ உலகிற்கு எடுத்துரைக்கப்பட்டது அம்மாநிலத்திலேயாம். ஹன்ரர் கொம்லி என்னும் மருத்துவர் 1945 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இதனை எழுதினார். நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, குருதியிற் கலந்து, ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குருதிக்கு இல்லாமற் செய்துவிடுகின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கே இவ்விடர் பெரிது. பண்ணை வீட்டுக் கிணறு, பால்மா, கொதித்த நீர், நீலம்பாரித்த குழந்தை என அவர் கண்ட வரிசையைப் படித்தபோது, கடல் பல கடந்த அந்நாடு எம் வேலியோரத்துக்கு வந்துவிட்டாற் போன்றிருந்தது.

அயோவா சோளமும் சோயாவும் விளையும் பரந்த சமவெளி. ஈரமிக்க அந்நிலத்தைப் பயிர்க்கு ஏற்றதாக்கும்பொருட்டு நிலத்தின்கீழே வடிகுழாய்களைப் பதித்துள்ளனர். பயிர் உண்ணாது விட்ட நைதரசன் மழைநீரோடு கரைந்து, அக்குழாய்கள் வழியே சிற்றாறுகளை அடைந்து, அங்கிருந்து மிசிசிப்பியிற் கலந்து, ஈற்றில் மெக்சிக்கோ வளைகுடாவிற் சேர்கின்றது. அங்கே அது பாசியை வளர்க்க, பாசி மடிந்து அழுகுங்கால் நீரின் ஒட்சிசனை உண்டுவிட, மீனும் இறாலும் வாழவியலாத பெரும்பரப்பு ஆண்டுதோறும் கோடையில் தோன்றுகின்றது. 1999 முதல் 2016 வரையான காலத்தில், அவ்வளைகுடாவிற்கு அவ்வாற்றுவழிச் சென்ற நைத்திரேற்றில் சராசரி 29 வீதம் அயோவாவிலிருந்தே சென்றதென அம்மாநிலத்துப் பல்கலைக்கழக ஆய்வொன்று கணித்தது.

இதனைக் குறைத்தற்கு, 2008 ஆம் ஆண்டின் கூட்டுத் திட்டமொன்று மிசிசிப்பிப் படுகையின் 12 மாநிலங்களையும் வேண்டிற்று. அதற்கிணங்க அயோவா 2013 இல் தன் போசணைக் குறைப்புத் திட்டத்தை வெளியிட்டது. நைதரசனையும் பொசுபரசையும் 45 வீதத்தாற் குறைத்தல் அதன் இலக்கு. அதனுள் நைதரசனில் 41 வீதப் பங்கு கமநிலங்களாலேயே நிறைவேறுதல் வேண்டும். நகரக் கழிவுநீர் நிலையங்கட்கு உத்தரவுப்பத்திரமும் நிபந்தனையும் உண்டு. கமக்காரர்க்கோ எல்லாம் அவரவர் விருப்பம். இன்னின்ன செய்தால் இவ்வளவு குறையும் என்ற ஆய்வு முடிபுகளும் திட்டத்திலேயே தரப்பட்டன. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே வெறுநிலத்தில் மூடுபயிராக றை என்னும் தானியத்தை வளர்ப்பின் நைத்திரேற்று இழப்பு 31 வீதமும், வடிநீரை ஏற்கும் ஈரநிலத்தை அமைப்பின் அதனுள் வந்து சேரும் நைத்திரேற்று 52 வீதமும் சராசரி குறையும் என்பன அவற்றுட் சில.

இனி அறிக்கைக்கு வருவாம். அம்மாநிலத்து விவசாயத் திணைக்களமும் இயற்கை வளத் திணைக்களமும் அரச பல்கலைக்கழகமும் சேர்ந்து முன்னேற்றத்தை நான்கு படிகளாக வகுத்துக் கணக்கிட்டன. முதற்படி இடுபொருள்: செலவிட்ட பணம், அமர்த்திய ஆட்கள். இரண்டாம் படி மனிதர்: வயல்விழாக்களுக்கு வந்தோர் எத்துணையர், கமக்காரரின் அறிவும் மனப்பாங்கும் எவ்வாறு மாறின. மூன்றாம் படி நிலம்: எத்துணை ஏக்கரில் மூடுபயிர், எத்துணை இடத்தில் ஈரநிலம். நான்காம் படி நீர்: ஆறுகளில் நைதரசன் குறைந்ததோ இல்லையோ. வகுத்த முறை செம்மையானது. ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகி ஈற்றில் நீரில் முடிதல் வேண்டும் என்ற உணர்வு அதில் உண்டு. ஆயினும் அறிக்கைகளைப் படிப்போர்க்கு முதல் மூன்று படிகளிலும் எண்கள் ஏறிக்கொண்டே செல்வது தெரியும். நான்காம் படியை அடைந்தவுடன் எழுத்தின் நடை தளர்ந்துவிடுகின்றது. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும், காலம் போதாது, போக்கு இன்னதெனத் துணிதற்கில்லை என்பன போன்ற சொற்களே அங்கு எதிர்ப்படுகின்றன.

இவ்விடத்தில் என் தொழிலின் துணை வேண்டியதாயிற்று. மாணாக்கர் அறிவர்: வினையெச்சம் தானே நிறைவுறாது, முற்றை அவாவி நிற்கும். அவற்றுள்ளும் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே முடிபாகக் கொள்ளும். 'சாத்தன் உண்டு வந்தான்' என்புழி உண்டவனும் வந்தவனும் ஒருவனே. 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமோ பிற வினைமுதலின் வினையையும் கொள்ளும். 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்புழிப் பெய்தது மழை, நிறைந்தது குளம். ஒன்றன் செயல் மற்றொன்றன் மாற்றத்துக்குக் காரணமாதலை இவ்வெச்சமே தெளிவுறக் காட்டும்.

முயற்சியை அறிவிக்கும் அறிக்கைகள் பெரும்பாலும் 'செய்து' வாய்பாட்டில் அமைந்துள்ளன. நிதி ஒதுக்கி, கூட்டங் கூட்டி, துண்டுப்பிரசுரம் வழங்கி, மூடுபயிர் விதைப்பித்து, முன்னேற்றம் கண்டோம் என்பது அவற்றின் நடை. எல்லா வினைக்கும் வினைமுதல் அறிக்கை எழுதுவோரே. முன்னேற்றம் கண்டவரும் அவரே. நீர் வினைமுதலாக வரும் ஒரு முற்றுத்தொடர் அங்கு இல்லை. நாம் வேண்டுவது 'செய' வாய்பாட்டு வாக்கியம்: கமக்காரர் உரத்தை அளவறிந்து இட, கிணற்று நீர் தெளிந்தது. அல்லது, நேர்மையாயின், அவ்வாறு இட்டும் நீர் தெளிந்திலது. இரண்டில் எதுவாயினும் அது முற்றுப்பெற்ற வாக்கியம்.

அறிக்கை சொல்லாததை அயோவாவின் ஆறுகள் வேறு வழிகளிற் சொல்லிவந்தன. டெ மொய்ன் நகரம் இரக்கூன் ஆற்றிலிருந்தும் டெ மொய்ன் ஆற்றிலிருந்தும் குடிநீர் எடுப்பது. ஆற்று நீரின் நைத்திரேற்று எல்லைமீறுவதால், அதனை அகற்றுதற்கென ஒரு பெரிய நிலையத்தை 1990-களின் தொடக்கத்திலேயே அந்நகர நீர்வழங்கற் சபை அமைத்தது. 2015 ஆம் ஆண்டில் அதனை 177 நாட்கள் இயக்கவேண்டியதாயிற்று; செலவு ஏறக்குறைய 15 இலட்சம் டொலர். அவ்வாண்டு மார்ச்சிற் சபையானது மேல்நிலத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தது. 2017 மார்ச்சில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. பரிகாரம் சட்டசபையிடமே தேடத்தக்கது என்பது நீதிமன்றின் கருத்து. 2025 ஜூனில் இரு ஆறுகளிலும் நைத்திரேற்று மிக உயர்ந்தமையால், ஏறக்குறைய ஆறு இலட்சம் மக்களுக்கு நீர் வழங்கும் அப்பிரதேசத்தில் முற்றத்துப் புல்லுக்கு நீர் பாய்ச்சுதல் முழுவதும் தடைசெய்யப்பட்டது. அங்கு இத்தகைய தடை அதுவே முதன்முறை. ஆறுகள் இவ்வாறு பேசிக்கொண்டிருக்க, 2023 இல் மாநிலச் சட்டசபை, நீரின் நைத்திரேற்றை இடையறாது அளக்கும் உணரிகளுக்குத் துணைநின்ற ஆராய்ச்சி நிலையத்தின் நிதியில் 5 இலட்சம் டொலரை விவசாயத் திணைக்களத்தின் பக்கம் திருப்பிற்று. முயற்சிக்குக் கொடுத்த பணம் கூடிற்று. அம்முயற்சியின் பயனை அறியுங் கண்ணுக்குக் கொடுத்த பணம் குறைந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூறாதுவிடல் முறையன்று. நீரின் அளவையைக் கொண்டு மாத்திரம் கமக்காரரின் முயற்சியை மதிப்பிடின் அநீதி நேரலாம். 2012 இல் அயோவாவில் கொடிய வறட்சி. பயிர் உண்ணாத நைதரசன் மண்ணிலேயே தங்கிற்று. 2013 இளவேனிலில் பெருமழை பெய்ய, தங்கியதெல்லாம் ஒருங்கே ஆற்றில் இறங்கி, அதுவரை காணாத அளவுக்கு நைத்திரேற்றை உயர்த்திற்று. அவ்வாண்டு நல்லது செய்த கமக்காரனும் தீயவனாகக் காணப்பட்டிருப்பான். நிலத்தடி நீரிலோ காலதாமதம் இன்னும் பெரிது. இன்று இடும் உரம் கிணற்றை அடைதற்குப் பல ஆண்டுகள் செல்லும் இடங்களும் உள. ஆதலால் நீர் உடனே விடை தராது என்று அவர் கூறுவது உண்மை. ஆனால் அவ்வுண்மையிலிருந்து பெறத்தக்க முடிபு யாது? மாணாக்கனின் அறிவு ஒரு நாட் பரீட்சையில் விளங்காதெனின், பல பரீட்சை வைத்தல் வேண்டும்; பரீட்சையை ஒழித்து, அவன் வாங்கிய புத்தகங்களை எண்ணிப் புள்ளியிடுதல் ஒவ்வாது. அளவையை நீளமாகவும் இடையறாததாகவும் ஆக்குதலே அதற்கு மருந்து.

அவ்வாறு செய்த நாடு டென்மார்க்கு. 1986 இல் அந்நாட்டுக் கடலில் ஒட்சிசன் இன்றி இறந்த சிங்கி இறால்களின் காட்சி தொலைக்காட்சியில் வர, நாடு முழுதும் கொதித்தெழுந்தது. 1987 இற் பாராளுமன்றம் நைதரசன் இழப்பைப் பாதியாகவும் பொசுபரசு இழப்பை 80 வீதத்தாலும் குறைக்குந் திட்டத்தை நிறைவேற்றிற்று. அதனை அடுத்து, வேரடி மண்ணின் நீர், நிலத்தடி நீர், ஓடை, ஏரி, கடல் என நீர் செல்லும் வழியெல்லாம் அளக்கும் நாடளாவிய அமைப்பொன்று நிறுவப்பட்டது. ஆண்டு மழையின் ஏற்றத்தாழ்வைக் கணக்கிற் கழித்துப் போக்கினைக் காணும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. கமக்காரர் ஒவ்வொருவரும் தம் உரக்கணக்கை ஆண்டுதோறும் ஒப்படைத்தல் சட்டமாயிற்று.

இதன் பயனாக யாது நிகழ்ந்தது? 1993 இல் எய்தவேண்டிய நைதரசன் இலக்கு எய்தப்படவில்லை என்பதை அளவைகளே வெளிப்படுத்தின. ஒளித்தற்கு இடமில்லாமையால் 1998 இல் இரண்டாம் திட்டமும் 2004 இல் மூன்றாந் திட்டமும் வந்தன. 1990 ஐ ஒட்டிய நிலையோடு ஒப்பிடக் கடலிற் சேரும் நைதரசன் பின்னர் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. டென்மார்க்கின் கடல்கள் இன்னும் நலம்பெற்றுவிட்டன எனக் கூறுதற்கில்லை. கோடை இறுதியில் ஒட்சிசன் குன்றுதல் அங்கு இன்னும் உண்டு. ஆயினும் தாம் நிற்கும் இடம் யாதென அந்நாட்டார் அறிவர்.

அந்நாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். 2015 இன் இறுதியில் அந்நாட்டு அரசாங்கம் உரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் பொதியொன்றைக் கொண்டுவந்தது. தளர்த்தினும் நீர்ச் சூழலுக்கு மொத்தத்தில் நன்மையே என இலக்கங் காட்டிற்று. நீரியல் அறிஞர்கள் அவ்விலக்கங்களைப் பிரித்துப் பார்த்து, வேறு காரணங்களால் எப்படியும் வரவிருந்த குறைவையும் பொதியின் வரவிற் சேர்த்துள்ளனர் எனக் குற்றங்கூறினர். பாராளுமன்றிற் பெரும் வாதம் எழுந்தது. 2016 பெப்ரவரியில் சுற்றாடல் உணவு அமைச்சர் ஈவா கியார் ஹன்சன் பதவி விலக நேர்ந்தது. நீரைப்பற்றிய ஓர் அட்டவணையால் அமைச்சர் ஒருவர் பதவி இழந்தார்! ஒப்பிட்டுப் பார்த்தற்கு நீண்டகால அளவைகளும், பார்க்க வல்ல அறிஞர்களும், அவர் சொல்லைக் கேட்கும் மன்றமும் ஒருங்கிருந்தமையாலன்றோ இது கூடிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 ஆம் ஆண்டு நைத்திரேற்றுப் பணிப்புரையும் இதற்குத் துணை. உறுப்பு நாடுகள் நான்காண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரல்வேண்டும் என்றும், அதில் அளந்த நீரின் நிலையும் அடங்கல்வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. முயற்சியை மாத்திரம் எழுதி முடித்தற்கு அங்கு வழியில்லை.

நிற்க. நம் நாட்டிற்கு வருவாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் வறளும். மாரி மழை செம்மண்ணில் ஊறி, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின் மேலே நன்னீராய் மிதந்துநிற்க, அதனையே நாம் மொண்டு குடிக்கின்றோம். அதனையே தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். இறைத்த நீர் மிகுந்த உரத்தைக் கரைத்துக்கொண்டு வந்த வழியே மீள்கின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கின்றது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லைகடந்திருத்தலை 1980-களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. துலா மிதித்த காலத்தில் இறைப்பும் சிறிது. குழை தாழ்த்தும் பனையோலை புதைத்தும் ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணைப் பேணினர். அக்காலத்தைப் பொற்காலமென்று நான் புகழவரவில்லை. பட்டி எருவும் அளவு மீறின் நைத்திரேற்றாகவே கிணற்றில் இறங்கும். அளவு என்பதே இங்கு பொருள்.

சென்ற ஆண்டு கமக்காரர் கூட்டமொன்றிற்குப் போயிருந்தேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் அறிக்கை வாசித்தார். பயிற்சி வகுப்புகள் இத்தனை, வழங்கிய துண்டுப்பிரசுரங்கள் இத்தனை, சேதனப் பசளை தயாரிக்கும் செய்முறைகள் இத்தனை என்று ஒழுங்காகவே வாசித்தார். முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, எல்லாம் நல்லது. என்ரை கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடியிருக்கெண்டு உதிலை எழுதிக்கிடக்கோ?" என்றார். "அது எங்கடை பகுதியில்லை ஐயா" என்றார் அவர். பொய் கூறினாரல்லர். உரம் ஒரு பகுதி, கிணறு ஒரு பகுதி, நோய் ஒரு பகுதி என வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. எச்சம் ஓர் அலுவலகத்திலும் முற்று வேறோர் அலுவலகத்திலும் இருப்பின் வாக்கியம் எவ்வாறு முடியும்?

முடியாத வாக்கியத்தின் தீமையை இந்நாடு 2021 இற் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடுக்கப்பட்டது. நீர் மாசும் சிறுநீரக நோயும் காரணமாகக் கூறப்பட்டன. எந்தப் பிரதேசத்து நீரில் எவ்வளவு, எந்தப் பயிரால் எவ்வளவு, எவ்வளவு குறைத்தாற் போதும் என்ற நீண்டகாலக் கணக்கைக் கமக்காரர் முன் எவரும் விரித்து வைக்கவில்லை. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் விதைப்புக்காலம் வந்துவிட்டது. அடுத்த பெரும்போகத்து நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. அளவையில்லாத இடத்தில் அரசு ஒன்றுஞ் செய்யாதிருக்கும், அல்லது எல்லாவற்றையும் ஒருசேரச் செய்துவிடும். இரண்டிலும் இடருறுபவன் கமக்காரனே. ஆகவே நீரை அளந்து அறிவித்தல் கமக்காரனுக்கு எதிரான செயலென எண்ணற்க. அவன்மேற் குருட்டு ஆணை விழாது காக்கும் வேலியும் அதுவே.

2024 இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நீர்ப் பஞ்சமுற்ற மக்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும், குழாயில் வேறு நீர் வந்தபின் கிணற்றை மறந்துவிடும் ஆபத்தும் அதனுடன் வருகின்றது. டெ மொய்ன் நகரத்தார் நைத்திரேற்றை அகற்றும் நிலையத்தைக் கட்டி முப்பதாண்டுக்கு மேலாயிற்று. ஆறு இன்னும் தெளிந்திலது.

இனி அறிக்கை எழுதுவோர்க்கு ஓர் ஆசிரியன் என்னும் உரிமையால் மூன்று வேண்டுகோள். முதலாவது, எந்த இலக்கத்தையும் அலகும் இடமும் நாளும் இன்றி எழுதற்க. இரண்டாவது, அதே கிணறுகளை, அதே மாதங்களில், ஆண்டுதோறும் அளந்து, மழையளவோடு சேர்த்து வெளியிடுக. கமக்காரரின் பெயரை மறைத்தாலும் கிணற்றின் நிலையை மறைக்கற்க. மூன்றாவது, செய்த முயற்சியின் பட்டியலுக்கு அடுத்த வரியிலேயே நீரின் நிலையை எழுதுக. குறையவில்லையாயின் குறையவில்லை என்றே எழுதுக.

பாடசாலைகளும் வாளாவிருத்தல் வேண்டியதில்லை. நம் பாடசாலைகள் பலவற்றில் கிணறு உண்டு. உயர்தர வகுப்பில் இரசாயனங் கற்கும் மாணாக்கரும் உளர். மாரிக்கு முன்னொருமுறையும் பின்னொருமுறையும் தம் பாடசாலைக் கிணற்று நீரைச் சோதிப்பித்து, முடிபை அலகோடு சுவரில் எழுதி வைப்பாராயின், பத்தாண்டில் எந்தத் திணைக்களமும் புறக்கணிக்கவியலாத ஏடு ஒன்று ஊரவர் கையில் இருக்கும். அதனைப் பொருள் விளங்கும் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையைத் தமிழாசிரியர்கள் ஏற்கலாம்.

மாணாக்கன் எச்சத்தோடு வாக்கியத்தை நிறுத்திவிட்டால், ஓரத்திற் சிவப்பு மையால் 'பின் என்ன ஆயிற்று?' என்று எழுதுவது என் வழக்கம். அரசாங்க அறிக்கையின் ஓரத்திலும் அதே வினாவைக் குடிமக்கள் எழுதவேண்டும் என்பதே என் கருத்து. என் வீட்டிலும் ஒரு கொப்பி தொடங்கியுள்ளேன். அதன் முதல் வரி, நைதரசனாக லீற்றருக்கு 12 மில்லிகிராம். இரண்டாம் வரிக்கு நாள் குறித்திருக்கின்றேன். இலக்கம் எழுதும் இடம் இன்னும் வெறுமையாய் இருக்கின்றது.